பாவு நோட்டை வெல்லுமா புதிய மென்பொருள்?

செய்ய வேண்டிய வேலையைப் பட்டியலிட்டு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று குறித்து, முடிந்ததும் அடித்துவிட உதவும் மென்பொருளுக்கு இன்றைக்குப் பஞ்சமே இல்லை. ஆஸ்திரேலிய நிறுவனமான அட்லாசியன் 2002ல் ஜிராவைக் கொண்டுவந்தது. 2004ல் சிகாகோவிலிருந்து பேஸ்கேம்ப் வந்தது. 2006ல் ஸோஹோ புராஜெக்ட்ஸ், 2007ல் டூடுயிஸ்ட், 2011ல் ட்ரெல்லோ, அதையொட்டி ஆசானா, மண்டே, நோஷன், கிளிக்அப் என்று வரிசை நீண்டுகொண்டே போனது. மைக்ரோசாஃப்டும் கூகுளும் தங்கள் அலுவலகத் தொகுப்போடு இதையும் சேர்த்தே கொடுத்துவிடுகின்றன. இருந்தும், பொறியியல் படித்துவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்ய நினைக்கும் இளைஞர்களில் பலர் முதலில் கை வைப்பது இதில்தான். காரணம் புரியாததல்ல. நிரல் எழுதுகிறவர்கள் நாள் முழுக்க இப்படி ஒரு மென்பொருளோடு மாரடிக்கிறார்கள். அதன் குறைகள் அவர்களுக்கு மனப்பாடம். போதாததற்கு, நிரல் எழுதக் கற்பவர்களுக்குக் கொடுக்கப்படும் ஆரம்பப் பயிற்சிகளில் வேலைப் பட்டியல் கட்டுவதும் ஒன்று. ஒரு வாரத்தில் ஓடுகிற மாதிரி ஒன்று கையில் வந்துவிடும். வந்த பிறகுதான், 'இவ்வளவு பேர் இருக்கும் சந்தையில் நாமும் இறங்கலாமா?' என்ற கேள்வி எழுகிறது.

இந்தக் கேள்வியைச் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள கண்ணாடிக் கட்டடங்களில் வைத்துக் கேட்டால் ஒரு பதில் வரும். ஆர்.கே.பேட்டையில் வைத்துக் கேட்டால் வேறு பதில் வரும். இரண்டாவது பதில்தான் அதிகம் கற்றுக்கொடுக்கிறது என்பது என் கணிப்பு. திருத்தணிக்கு மேற்கே, சோளிங்கருக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் ஊர் இது. சித்தூர் மாவட்டத்தோடு இருந்த திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1ல் எல்லைத் திருத்தத்தின்படி இந்தப் பக்கம் வந்தது. எல்லைக் கோடு மாறினாலும் வீடுகளில் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்குவது மாறவில்லை. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று சுற்றுவட்டாரம் முழுக்க விசைத்தறிச் சத்தம்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலும் புத்தூரிலும் அதே சத்தம். அந்தத் தறி வீடுகளிலிருந்து படித்து வெளியே வந்து, சென்னையில் கணினி வேலை பார்க்கும் ஒருவர் புதிய மென்பொருள் கட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் பார்க்க வேண்டியது சந்தையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அல்ல. அவருக்குத் தெரிந்த ஏதாவது ஒரு தொழிலில் வேலை எப்படிக் கைமாறுகிறது, அதோடு சரக்கும் காசும் எப்படி நகர்கின்றன, அதை இந்தக் கூட்டத்தில் யாராவது பிடித்திருக்கிறார்களா என்பதைத்தான் அவர் பார்க்க வேண்டும்.

கூட்டத்தைக் கண்டு மிரள வேண்டியதில்லை என்பதற்குச் சென்னையிலேயே பெரிய சான்று உண்டு. ஸோஹோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம், 2010ல் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருள் அது. அந்தத் துறையிலும் அப்போது ஆட்கள் நிறைய. முன்னணியில் இருந்த ஜென்டெஸ்க் அந்த ஆண்டில்தான் கட்டணத்தை ஏற்றி, வாடிக்கையாளர்களின் கோபத்தைச் சம்பாதித்திருந்தது. அந்தக் கோபம் கிரீஷுக்கு ஒரு செய்தியைச் சொன்னது: இந்த மென்பொருள் இல்லாமல் இவர்களால் தொழில் நடத்த முடியாது, ஆனால் கொடுக்கிற காசு இவர்களை உறுத்துகிறது. ஃப்ரெஷ்டெஸ்க்கின் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் இருந்த ஒரு கல்வி நிறுவனம். பின்னாளில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. கூட்டம் இருக்கிறது என்றால் காசு கொடுக்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம் என்பார்கள். ஃப்ரெஷ்டெஸ்க் விஷயத்தில் அது உண்மையாயிற்று.

ஆனால் இந்த ஒரு கதையை எடுத்துக்கொண்டு வேலைப் பட்டியல் மென்பொருளுக்கும் அப்படியே பொருத்தினால் இடறும். புகார் கையாளும் மென்பொருள் ஒரு நாள் நின்றால் வாடிக்கையாளர் கைவிட்டுப் போவார், முதலாளிக்கு வலிக்கும். வேலைப் பட்டியல் ஒரு நாள் நின்றால் பெரும்பாலும் யாருக்கும் வலிக்காது. தாளில் எழுதிக்கொள்வார்கள், இல்லையென்றால் நினைவில் வைத்துக்கொள்வார்கள். பெர்லினில் பிறந்த வுண்டர்லிஸ்ட்டின் கதையைப் பாருங்கள். அழகான வடிவமைப்பு, ரசித்துப் பயன்படுத்தும் கூட்டம். 2015ல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியபோது 1.3 கோடிப் பேர் பயன்படுத்தினார்கள். 2020 மே மாதம் அதை மூடிவிட்டார்கள். அதன் இடத்தில் வந்த மைக்ரோசாஃப்டின் சொந்தச் செயலி இலவசம். ட்ரெல்லோவுக்கு நல்ல முடிவு கிடைத்தது. 2017 ஜனவரியில் அட்லாசியன் 42.5 கோடி டாலருக்கு அதை வாங்கியது. ஆனால் அதையும் கூர்ந்து பார்த்தால், சுமார் 1.9 கோடிப் பேர் பயன்படுத்திய ஒரு மென்பொருள் தனித்து நிற்பதைவிட ஒரு பெரிய தொகுப்புக்குள் போய்ச் சேர்வதே மேல் என்று முடிவெடுத்திருக்கிறது. பட்டியல் என்பது தானே ஒரு தொழிலாக நிற்பதைவிட வேறொரு தொழிலின் ஓர் அறையாக இருப்பதற்கே வசதியான பண்டம்.

ஸோஹோ இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. அட்வென்ட்நெட் என்ற பெயரில் 1996ல் தொடங்கி, வெளியார் முதலீடு வாங்காமல் வளர்ந்த அந்த நிறுவனம், புராஜெக்ட்ஸைத் தனியே விட்டுவைக்கவில்லை. கணக்கு, மின்னஞ்சல், வாடிக்கையாளர் தொடர்பு, ஆள் நிர்வாகம் என்று ஒவ்வொன்றாகக் கட்டி, 2017ல் எல்லாவற்றையும் ஒரே சந்தாவில் கட்டிக் கொடுத்தது. அந்தத் தொகுப்பை வாங்குகிறவருக்கு வேலைப் பட்டியல் கூடவே வந்துவிடுகிறது; தனியாக ஒன்றை வாங்கச் சொல்லி அவரிடம் போய் நிற்பது வீண் வேலை. இருபது ஆண்டுகள் பொறுமையாகக் கட்டியவர்களின் வழி அது. இரண்டு பேர் சேர்ந்து சேமிப்பைப் போட்டு ஆரம்பிக்கும் முயற்சிக்கு அந்த வழி அடைபட்டது.

இங்கே ஒருவர் மறுக்கலாம். மண்டே 2012ல்தான் தொடங்கப்பட்டது, கிளிக்அப் 2017ல். அவர்கள் நுழைந்தபோதும் சந்தை நிரம்பித்தானே இருந்தது? நியாயமான கேள்வி. அவர்கள் எப்படி நுழைந்தார்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது. இஸ்ரேலைச் சேர்ந்த மண்டே 2021ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது தன் கணக்கை வெளியிட்டது. 2020ல் அதன் வருவாய் சுமார் 16 கோடி டாலர். அதே ஆண்டின் நட்டம் சுமார் 15 கோடி டாலர். வாங்கிய காசைவிட அதிகமாக விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் இறைத்து இடம் பிடித்தார்கள். ஃபேஸ்புக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான டஸ்டின் மாஸ்கோவிட்ஸ் நடத்திய ஆசானாவும் 2020ல் பங்குச் சந்தைக்கு வந்த பிறகு பல ஆண்டுகள் நட்டத்தில்தான் ஓடியது. நன்றாகச் செய்தால் கூட்டத்திலும் இடம் கிடைக்கும் என்று இந்த உதாரணங்களைக் காட்டிச் சொல்வது பாதி உண்மை. எல்லாருக்கும் பொதுவான ஒரு பட்டியலைக் கூட்டத்தில் விற்க நல்ல மென்பொருளோடு பெரிய பணப்பையும் வேண்டும் என்பது மீதிப் பாதி. ஆர்.கே.பேட்டை இளைஞருக்கு அந்தப் பை கிடையாது. கிடைத்தாலும், கொடுத்தவர்கள் அதை எந்த வேகத்தில் செலவழிக்கச் சொல்வார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது தறிப் பக்கம் வருவோம். இந்த வட்டாரத்தில் கைலியும் பருத்திப் புடவையும் நெய்யும் முறை பெரும்பாலும் கூலி நெசவு. நூல் வாங்கிச் சாயம் ஏற்றி, தறியில் நீளவாக்கில் ஏறும் பாவு ஓட்டி வைத்திருப்பவர் முதலாளி. அவரிடமிருந்து பாவையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுத் தறியில் நெய்து கொடுத்துக் கூலி வாங்குகிறவர் தறிக்காரர். ஒரு முதலாளிக்குக் கீழே பத்துத் தறி வீடு இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். எந்த வீட்டுக்கு எந்தப் பாவு போனது, எந்த டிசைன், ஊடை எத்தனை கிலோ, எத்தனை பீஸ் வர வேண்டும், இதுவரை எத்தனை வந்தது, கூலி எவ்வளவு, தீபாவளிக்கு வாங்கிய முன்பணத்தில் இந்த வாரம் எவ்வளவு பிடிப்பது, போன தடவை கறை பட்ட இரண்டு பீஸுக்கு என்ன கழிப்பது என எல்லாம் ஒரு நீள நோட்டில் ஏறியிருக்கும். மீதி தொலைபேசியில். 'எத்தனை பீஸ் ஆச்சு, பாவு எப்ப தீரும்?' என்ற கேள்விக்குப் பதில் சரியாக வந்தால்தான் அடுத்த பாவைத் தயாராக வைக்க முடியும், பாவு பிணைக்க ஆளைச் சொல்லிவைக்க முடியும். பதில் தப்பினால் தறி சும்மா நிற்கும். தறி நின்றால் இரண்டு பக்கமும் நட்டம்.

இதைவிடத் தெளிவான வேலை நிர்வாகம் எது? ஆனால் இதைக் கொண்டுபோய் ட்ரெல்லோவின் அட்டையில் ஏற்றிப் பாருங்கள். அந்த அட்டையில் வேலைக்கு ஒரு பெயர், செய்கிறவருக்கு ஒரு மின்னஞ்சல், முடிக்க ஒரு தேதி, 'செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது' என்று மூன்று கட்டம். தறியில் வேலையைச் செய்வது ஒரு வீடு. கணவர் காலையில் நிற்பார், மனைவி மதியம் நிற்பார், பள்ளி விட்டு வந்த பிள்ளை தார் சுற்றிக் கொடுக்கும். வேலை ஒரே நாளில் முடிகிறதும் இல்லை. பத்துப் பத்துப் பீஸாகத் திரும்பி வருகிறது. முடியும் தேதியைக் கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து ஊகிக்கிறார்கள். மின்வெட்டும் கல்யாணமும் ஆடிக் கிருத்திகையும் அதை மாற்றும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. நோட்டில் உள்ள ஒரு வரியில் வேலை, சரக்கு, காசு மூன்றும் ஒன்றாகவே இருக்கின்றன. திரும்பி வந்த துணியை எடை போட்டால் கொடுத்த நூலின் கணக்கு நேராக வேண்டும். பீஸை எண்ணினால் கூலி தெரிய வேண்டும். கூலி தெரிந்தால் முன்பணத்தின் மீதி தெரிய வேண்டும். சிகாகோவிலும் சிட்னியிலும் எழுதிய மென்பொருள்கள் வேலையை மட்டும் தனியே உரித்து எடுத்துக்கொண்டன. மேசை முன்னால் உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது சரி. அவர்கள் முடிக்கும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் கூலி கிடையாது, கையில் ஒப்படைத்த சரக்கும் கிடையாது.

ஆகவே நெரிசல் என்று நாம் சொல்வது ஒரே வாசலில் உள்ள நெரிசல். ஆங்கிலம் படித்து, மின்னஞ்சல் வைத்து, மாதச் சம்பளத்தில் உள்ளவர்களின் வாசல் அது. ஆர்.கே.பேட்டைப் பாவுக் கணக்குக்கு அந்த நூறு மென்பொருளில் ஒன்றுகூடப் போட்டியாக வருவதில்லை. இங்கே போட்டி நீள நோட்டும் வாட்ஸ்அப்பும்தான். இரண்டும் பலமான எதிராளிகள் என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். நோட்டுக்கு மாதச் சந்தா இல்லை, மின்சாரம் வேண்டாம், தமிழிலும் தெலுங்கிலும் கலந்து எழுதலாம், ஓரத்தில் கிறுக்கலாம். வாட்ஸ்அப்பில் பீஸின் படத்தை எடுத்து அனுப்பினால் கறையும் தெரிந்துவிடும், சண்டையும் தீர்ந்துவிடும். அதைப் பயன்படுத்த யாருக்கும் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. இந்த இரண்டும் எங்கே கைவிடுகின்றன என்று காட்ட முடியாத எவரும் மென்பொருள் கட்டப் புறப்படுவதில் அர்த்தமில்லை.

கைவிடும் இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஜிஎஸ்டி அவற்றில் ஒன்று. பதிவு பெற்ற முதலாளி கூலி வேலைக்குச் சரக்கு அனுப்பினால் டெலிவரி சலான் போட வேண்டும். போன நூல் ஓராண்டுக்குள் துணியாகவோ நூலாகவோ திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றுவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்பதை ஐடிசி-04 என்ற படிவத்தில் காட்ட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டினால் அரையாண்டுக்கு ஒரு முறை, அதற்குக் கீழே என்றால் ஆண்டுக்கு ஒரு முறை. இந்த ஊருக்கே உரிய சிக்கல் வேறொன்றும் உண்டு. சாதாரணமாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் மாநிலம் விட்டு மாநிலம் போக இ-வே பில் தேவை. ஆனால் ஒரு மாநிலத்து முதலாளி அடுத்த மாநிலத்துக் கூலிக்காரருக்குச் சரக்கு அனுப்பினால், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் போட்டாக வேண்டும். ஆர்.கே.பேட்டையிலிருந்து நகரிக்குப் பாவு போவது மாநிலம் தாண்டுவது. பஸ்ஸில் போய் வரும் தூரம்தான், ஆனால் சட்டத்தின் கண்ணில் அது வேறு கணக்கு. நோட்டில் தேதி பார்த்துப் படிவத்துக்கு விவரம் எடுப்பது ஆடிட்டர் அலுவலகத்தில் ஒருவரின் பல நாள் வேலையைத் தின்னும். வாட்ஸ்அப் செய்திகளிலிருந்து அதை எடுக்கவே முடியாது. அன்றாடம் எழுதும் ஒரு வரி தானே சலானாகவும் ஆண்டுக் கடைசியில் படிவமாகவும் மாறினால், அதற்குக் காசு கொடுக்க முதலாளிக்குக் காரணம் இருக்கிறது.

இவர்கள் காசு கொடுக்க மாட்டார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவச மின்சாரத்தில் எத்தனை யூனிட் தீர்ந்தது என்று பார்த்துத் தறியை ஓட்டுகிற ஊரில் மாதச் சந்தா எடுபடுமா? சந்தேகத்துக்கு ஆதாரமும் உண்டு. ஓகேகிரெடிட்டும் காதாபுக்கும் கடைக்காரர்களின் கடன் நோட்டை அலைபேசிக்குள் கொண்டுவந்தன. முதலீட்டாளர் பணத்தில், இலவசமாக, லட்சக்கணக்கான கடைகளுக்குள் நுழைந்தன. நுழைந்தது சுலபம், பிறகு அதே கடைக்காரரிடம் காசு கேட்பதுதான் சுலபமாக இல்லை. காதாபுக் வருமானத்துக்காகக் கடன் வழங்கும் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் இதே இந்தியச் சிறு முதலாளி இன்னொரு மென்பொருளுக்குப் பல ஆண்டுகளாகக் காசு கொடுத்துவருகிறார். பெங்களூரில் 1986ல் தொடங்கிய டேலி அது. ஆலைகளுக்கும் நெசவு மில்களுக்கும் உதிரிபாகங்கள் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்காவுக்குத் தன் கணக்கை எழுத ஏற்ற மென்பொருள் கிடைக்கவில்லை. மகன் பாரத் கோயங்கா எழுதிக் கொடுத்தார். டேலியைத் திருட்டுப் பிரதியாக ஓட்டியவர்கள் ஏராளம் என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் காசு கொடுத்தவர்கள் ஏன் கொடுத்தார்கள் என்று பார்த்தால், அதில் ஏறிய கணக்கு வரி அலுவலகத்துக்கும் வங்கிக்கும் ஆடிட்டருக்கும் தேவைப்பட்டது. கடன் நோட்டுச் செயலி கடைக்காரருக்கு ஒரு வசதி. டேலி இல்லாவிட்டால் வேலை நின்றது. வசதிக்குக் கைதட்டுவார்கள், வேலை நிற்கும் இடத்தில்தான் பணப்பெட்டியைத் திறப்பார்கள். பாவுக் கணக்கு இந்த இரண்டில் எந்தப் பக்கம் விழும் என்பது, சலானும் படிவமும் அதில் உள்ளடங்குமா இல்லையா என்பதைப் பொறுத்தது.

சந்தை மிகச் சிறியது என்பதும் சரியான ஆட்சேபம்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு 200 முதலாளிகள், மாதம் 300 ரூபாய் என்று வைத்தால் மாதம் 60,000 ரூபாய், ஆண்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். சென்னையில் ஒரு நடுத்தர நிரலாளரின் சம்பளம் இது. இதைக் காட்டி முதலீடு கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஊரிலேயே இருந்து தொழில் செய்ய நினைக்கும் இரண்டு பேருக்கு இது ஆரம்பம். தமிழ்நாட்டில் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகள் உண்டு. பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர், பல்லடம், சங்கரன்கோவில், எல்லை தாண்டினால் நகரி, இன்னும் மேலே சிரிசில்லா, இச்சல்கரஞ்சி, பிவண்டி என்று கூலி நெசவு நடக்கும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லா ஊரிலும் கணக்கு ஒரே மாதிரி இருக்காது. சில இடத்தில் மீட்டருக்குக் கூலி, சில இடத்தில் பீஸுக்கு. ஆனாலும் பாவு போவதும் துணி வருவதும் பொது. சிறிய இடத்தில் வேர் பிடித்து அடுத்த ஊருக்குப் போவதற்கும், உலகம் முழுவதையும் முதல் நாளே குறிவைப்பதற்கும் தேவைப்படும் பணம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

செயற்கை நுண்ணறிவு நிரலை எழுதிக் கொடுக்கும் காலத்தில் இவ்வளவு யோசனை எதற்கு, கட்டிப் பார்த்துவிட்டால் போயிற்று என்ற வாதம் இப்போது அடிக்கடி கேட்கிறது. கட்டுவது மலிவாகிவிட்டது என்பது மெய். எனக்கு அதிலிருந்து நேர் எதிரான முடிவுதான் கிடைக்கிறது. எல்லாருக்கும் மலிவாகிவிட்டால் பொதுவான வேலைப் பட்டியல்கள் இன்னும் நூறு வரும். அந்த வாசலில் நெரிசல் கூடும். எந்த இயந்திரமும் இன்னும் மலிவாக்காத ஒன்று, ஒரு தறி வீட்டில் முன்பணம் ஏன் கூலியில் முழுதாகப் பிடிக்கப்படாமல் பாதி விடப்படுகிறது என்று தெரிந்திருப்பது. ஒரு தறிக்காரர் வேறு முதலாளியிடம் போய்விடாமல் இருக்க அந்தப் பாதிக் கடன் ஒரு கயிறு. மென்பொருள் எழுதுகிறவர் இதை அறியாமல், மீதியைத் தானாகக் கழித்துவிடும் பொத்தானை வைத்தால், முதலாளி இரண்டாம் வாரமே பழைய நோட்டுக்குத் திரும்பிவிடுவார். நகரத்திலிருந்து வருகிற எந்தக் குழுவைவிடவும் தறி வீட்டில் வளர்ந்தவருக்கு இங்கே கை ஓங்கியிருக்கிறது. அதுதான் அவருடைய முதல்.

இதே இடத்தில் இன்னொரு சங்கடமும் காத்திருக்கிறது. மென்பொருள்காரர்கள் இதைப் பேசுவதே இல்லை. நோட்டு முதலாளியிடம் மட்டும் இருக்கிறது. கணக்கு மங்கலாக இருப்பதில் சிலருக்கு லாபம் உண்டு. கறை பட்டதற்கு எவ்வளவு கழித்தார்கள், போன தீபாவளி முன்பணத்தில் எவ்வளவு தீர்ந்தது என்பது தறிக்காரரின் அலைபேசியிலும் தெரிந்தால், சில முதலாளிகள் அந்த மென்பொருளை வாசல்படி ஏற்ற மாட்டார்கள். ஆனால் தெரியாவிட்டால், தறிக்காரருக்கு எத்தனை பீஸ் ஆயிற்று என்று தினமும் சொல்வதில் என்ன ஆதாயம்? அவர் சொல்லாவிட்டால் மென்பொருள் வெறும் கூடு. அலுவலகங்களிலும் வேலைப் பட்டியல்கள் செத்துப்போவது இப்படித்தான். வாங்குகிறவர் மேலாளர், நிரப்புகிறவர் ஊழியர். நிரப்புகிறவருக்குக் கண்காணிப்பைத் தவிர வேறொன்றும் கிடைப்பதில்லை. கூலி விவரத்தைத் தறிக்காரருக்குக் காட்டியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். இல்லாவிட்டால் மென்பொருளே ஓடாது. இதற்கு இணங்குகிற முதலாளிகள் ஊரில் எத்தனை பேர் என்பதுதான் உண்மையான சந்தை அளவு. அது 200ஐவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த இளைஞருக்கு என்ன சொல்வது? பொதுவான வேலைப் பட்டியல் மென்பொருளை அவர் கட்டக் கூடாது. அது எவ்வளவு அழகாக வந்தாலும், நாளைக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுப்பதோடு மோத வேண்டியிருக்கும். பாவுக் கணக்கு மென்பொருளை அவர் கட்டலாம், ஆனால் உடனே வேண்டாம். முதலில் சாதாரண எக்செல் தாளில், தமிழும் தெலுங்கும் தெரிகிற மாதிரி, மூன்று முதலாளிகளின் கணக்கை அவரே எழுதித் தரட்டும். மாலையில் தறி வீடுகளுக்குப் போன் போட்டு எத்தனை பீஸ் ஆயிற்று என்று அவரே கேட்கட்டும். நகரிக்குப் போகும் பாவுக்கு இ-வே பில்லை அவரே போட்டுத் தரட்டும். இதற்கு முதல் மாதத்திலிருந்தே காசு வாங்க வேண்டும். 300 ரூபாய் இல்லாவிட்டால் 100 ரூபாய், ஆனால் இலவசம் கூடாது. காதாபுக் பட்ட பாடு அதில்தான் தொடங்கியது. அந்தத் தாளில் எந்தப் பத்தி தினமும் நிரம்புகிறது, எது காலியாகவே கிடக்கிறது, எதைப் பார்த்து முதலாளி முகம் சுளிக்கிறார் என்பதெல்லாம் ஒரு பாவு இறங்கி அடுத்த பாவு ஏறுவதற்குள் தெரிந்துவிடும். மூவரில் ஒருவர்கூட இரண்டாம் மாதம் காசு தரவில்லை என்றால் அந்த யோசனையை மடித்து வைத்துவிட்டு, சென்னை வேலையில் தொடர்வதில் அவமானம் ஒன்றுமில்லை. இருவர் தந்து, அவர்களிடம் கூலிக்கு நெய்கிற ஒரு தறிக்காரர் இன்னொரு முதலாளியிடமும் இதே தாள் வேண்டும் என்று கேட்டால், நிரல் எழுத உட்காரலாம்.